மீனாட்சி அம்மாளின் பாட்டுப் புத்தகம்

கம்பளையில் எம் மாணவர் சிலர், தோட்டச் சம்பளத்தைப் பற்றிச் சினிமா மெட்டில் ஒரு பாட்டுக் கட்டினர். "இரவல் மெட்டு, இலக்கியமாகாது" என்றார் நண்பர் ஒருவர். எனக்கு 1940ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சிறு பாட்டுப் புத்தகம் நினைவுக்கு வந்தது: 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை.'

அதை எழுதியவர் மீனாட்சி அம்மாள். தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி. 1931இல் நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். கூட்டமேடைகளில் அம்மாள் பாரதி பாடல்களைப் பாடினார். மக்கள் அறிந்த மெட்டுகளில் தாமே கட்டியவற்றையும் பாடினார்.

தோட்டம் அன்று துரையின் கோட்டை. சங்கக்காரன் உள்ளே கால்வைத்தால் அத்துமீறல் குற்றம். நடேசய்யரே புடவை வியாபாரி வேடத்தில்தான் நுழைய நேர்ந்தது. பாட்டுக்கு வேடம் எதற்கு? கூட்டத்துக்கு வந்தவர் வாயோடு அது லயத்துக்குள் போய்விடும். எழுத்தறியாத பெண்ணுக்கும் மெட்டு முன்பே தெரியும். புதிய சொல்லை அதில் ஏற்றிக்கொண்டால் போதும். பண்டிதர் பழிக்கும் இரவல்தான் அந்தப் பாட்டை நடக்கவைத்தது.

தலைப்பு 'இந்தியர்' என்கிறதே, 'தொழிலாளர்' என்று ஏன் சொல்லவில்லை என வர்க்க உணர்வு மிக்க தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் காலத்தையும் பார்க்கவேண்டும். 1939இல் அரசாங்கப் பகுதிகளில் தினக்கூலி வேலை செய்தோர், இந்தியர் என்ற காரணத்தாலேயே நீக்கப்பட்டனர். எந்தப் பெயரால் வயிற்றில் அடித்தார்களோ, அந்தப் பெயராலேயே அம்மாள் நியாயம் கேட்டார். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானார். அந்த ஆண்டின் புத்தகம் இது.

நடேசய்யர் 1947இல் மறைந்தார். மறு ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், 'இந்தியர்' என்று பெயர் சொல்லாமலே, இம்மக்களில் லட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது.

நாட்டார் பாடல்களுக்குச் சி. வி. வேலுப்பிள்ளை என்னும் தொகுப்பாளர் வாய்த்தார். அம்மாளின் பாட்டுக்கோ, ஆசிரியர் பெயர் இருப்பதால் நாட்டார் வரிசையில் இடமில்லை. இரவல் மெட்டு என்பதால் கவிதை வரிசையிலும் இடமில்லை. சாரல் நாடன் போன்றோரின் ஆய்வு அவரது பெயரையேனும் மீட்டுத் தந்தது. மெட்டை அச்சிட்ட தாளிலிருந்து மீட்க முடியாது. அதை வகுப்பில் உரக்கப் படித்தால் பாதிப் பாட்டுத்தான் கேட்கும். மீதிப் பாதிக்கு, அக்காலக் கிராமபோன் தட்டுகளைத் தேடிப்பிடிக்கும் மாணவன் ஒருவன் வேண்டும்.