கல்லை எடுத்த பிறகு: சிறுநீரகக் கல் நோயில் கல் பகுப்பாய்வின் இடம்

சிறுநீரகக் கல் ஒருமுறை வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் மீண்டும் வருகிறது. ஆனாலும் கல்லை எடுத்துவிட்டால் தீர்ந்துபோகும் நோயாகவே நடைமுறையில் இது கையாளப்படுகிறது. கல் எங்கே இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்ததும் நோயறிதல் முடிந்ததாகக் கொள்கிறோம். அந்தக் கல் எதனால் ஆனது என்று அறியாதவரை நோயறிதல் அரைகுறையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

இருப்பிடத்தையும் அளவையும் அறிய நல்ல கருவிகள் உண்டு. சாயம் செலுத்தாமல் எடுக்கும் சி.டி. ஸ்கேன் ஏறக்குறைய எல்லாக் கற்களையும் காட்டிவிடும். அல்ட்ராசவுண்டில் சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதிக் கற்கள் தப்பிவிடக்கூடும்; ஆனால் அதில் கதிர்வீச்சு இல்லை. அமெரிக்க அவசரப் பிரிவுகளில் 2,759 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், முதலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தவர்களுக்குக் கதிர்வீச்சு குறைந்தது. கடுமையான பின்விளைவுகள் கூடவில்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதுவே முதல் தேர்வு.

சிகிச்சை முறைகளும் முதிர்ந்துவிட்டன. 5 மில்லிமீட்டருக்குட்பட்ட கற்களில் பெரும்பாலானவை வலி மருந்தின் துணையோடு தாமாகவே வெளியேறும். 1976இல் ஸ்வீடன் மருத்துவர்கள் முதுகுவழித் துளையில் கல்லெடுக்கும் முறையை அறிவித்தனர். 1980இல் மியூனிக்கில் அதிர்வலையால் கல்லை உடைக்கும் சிகிச்சை தொடங்கியது. இன்று லேசரும் கைகொடுக்கிறது. அடைப்போடு காய்ச்சலும் சேர்ந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே ஸ்டென்ட் வைத்தோ முதுகு வழியே குழாய் செருகியோ சிறுநீரை வடித்தாக வேண்டும்; கல்லைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

மறுபடி வராமல் தடுப்பதோ கல்லின் வகையைப் பொறுத்தது. யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. ஆனால் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் கத்தியின்றியே கரையக்கூடும். ஸ்ட்ரூவைட் கல் கிருமித் தொற்றால் உருவாவது. ஒரு துணுக்கு தங்கினாலும் மீண்டும் வளரும். சிஸ்டீன் கல் பரம்பரைக் கோளாறின் அடையாளம். குடும்பத்தாரையும் விசாரிக்க வேண்டும். மூவருக்கும் ஒரே அறிவுரைச் சீட்டு எப்படிப் பொருந்தும்?

மிகப் பரவலான கால்சியம் ஆக்சலேட் கல்லிலேயே தவறான அறிவுரையும் மிகுதி. “கால்சியக் கல், பாலையும் தயிரையும் நிறுத்துங்கள்” என்பது இன்றும் காதில் விழுகிறது. இத்தாலியின் பார்மாவில் போர்கி குழுவினர் 120 ஆண்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டனர். கால்சியத்தைக் குறைத்து உண்டவர்களில் 38 சதவீதத்தினருக்குக் கல் திரும்ப வந்தது. வழக்கமான அளவு கால்சியத்தோடு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களில் அது 20 சதவீதமே. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. பாலை நிறுத்தினால் பிடிபடாத ஆக்சலேட் சிறுநீருக்குப் போய்ச் சேரும்.

தடுப்பு மருந்துகளால் பயனில்லை என்ற மறுப்பு எழலாம். சுவிட்சர்லாந்தில் 416 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில் ஹைட்ரோகுளோரோதயசைடு மருந்து கல் திரும்புவதைக் குறைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அது ஒரு மருந்தின் தோல்வி; தடுப்பு என்ற கொள்கையின் தோல்வி அன்று. போதிய தண்ணீர் பலன் தருவதைப் போர்கி குழுவின் 1996 ஆய்வே காட்டிவிட்டது: முதன்முறை கல் வந்தவர்களில் நிறையத் தண்ணீர் குடித்தோருக்கு ஐந்தாண்டுகளில் 12 சதவீதம், மற்றோருக்கு 27 சதவீதம்.

கல்லின் வகையை அறியப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. வலி வந்த நாள் முதல் நோயாளி சிறுநீரைச் சல்லடையில் வடிகட்டி, அகப்படும் மணல் போன்ற துணுக்கைக் கழுவி உலர்த்திச் சிறு புட்டியில் கொண்டுவந்தால் போதும். அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை வகையைச் சொல்லிவிடும். அடிக்கடி கல் வருவோருக்கு 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனையும் தேவை. நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீராவது பிரியும்படி தண்ணீர் குடிக்கச் சொல்வது எல்லோருக்கும் பொது. அறுவை அரங்கில் எடுத்த கல்லை நினைவுப்பொருளாக நோயாளி கையில் கொடுத்தனுப்பும் வழக்கத்தை விட்டு, அதை ஆய்வகத்துக்கு அனுப்புவோம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரின் அறிக்கையிலும் கல்லின் அளவோடு அதன் வகையும் எழுதப்பட வேண்டும்.