திறந்த மூல நூலகமும் அதன் காவலரும்

பல நிரல்களுக்கும் பொதுவாக வேண்டப்படும் பணிகளை ஒருமுறை செவ்வனே எழுதி, எவரும் எடுத்தாளுமாறு தொகுத்து வைப்பதே நிரல் நூலகமாகும். அதன் மூலத்தைப் படிக்கவும் திருத்தவும் யாவர்க்கும் உரிமையளிப்பின் அது திறந்த மூல நூலகம் எனப்படும்.

எறிக் யங், ரிம் ஹட்சன் என்போரின் முந்திய ஆக்கமொன்றினின்று 1998 இல் தோன்றியது ஓப்பன்எஸ்எஸ்எல். இணையத்திற் செல்லும் செய்திகளை மறைகுறியாக்கிக் காத்தல் அதன் தொழில். வங்கிகளும் பெருங் கம்பனிகளும் அதனை விலையின்றிப் பயன்கொண்டன. ஆயினும், 2014 இன் தொடக்கத்தில் அதில் முழுநேரம் உழைத்தவர் ஒருவரே; ஆண்டு நன்கொடையோ ஏறத்தாழ 2,000 டொலர்!

2012 மார்ச்சில் வெளிவந்த 1.0.1 ஆம் பதிப்பில் வழுவொன்று புகுந்திருந்தது. இணைப்பு நிலைத்துளதா என்று அறிய ஒரு கணினி சிறு செய்தியொன்றை அதன் நீளத்தையுங் குறித்து அனுப்பும். மற்றது அதனையே திருப்பியனுப்பும். குறித்த நீளம் மெய்தானா என்று நூலகம் சோதிக்கவில்லை. ஒரு சொல்லை அனுப்பி 64 கிலோபைற்று எனப் பொய்யுரைப்பின், அவ்வளவுக்கு நினைவகத்திலுள்ளவை வெளியேறும். கடவுச்சொற்களும் இரகசியத் திறவுகோல்களும் அவற்றுள் இருத்தல் கூடும். 2014 ஏப்ரல் 7 இலேயே இது உலகறியலாயிற்று. ஈராண்டு காலம் மூலம் யாவர் கண்முன்னும் கிடந்ததன்றோ?

வழுவை எழுதியவரைப் பழித்தோர் உளர். யாம் அங்ஙனங் கருதோம். பயன்கொண்ட கம்பனிகள் சோதனைக்கென ஒருவரையேனும் அமர்த்தியிருத்தல் வேண்டும். அவ்வாண்டிலேயே லினக்ஸ் அறநிலையம் அவற்றிடம் பொருள் திரட்டி, முழுநேரப் பணியாளர் இருவர்க்கு ஊதியமளிக்க முன்வந்தது. வழுவைத் திருத்தவோ சில வரிகளே போதுமாயிருந்தன.