கிறிஸ்துமஸுக்கு வாங்கிய சிவந்திச் செடி அடுத்த கிறிஸ்துமஸுக்கும் பூக்கும்!

டிசம்பரில் பூவும் மொட்டுமாக வாங்கி வந்த சிவந்தித் தொட்டி, பொங்கல் கழிவதற்குள் வாடிவிடும். உடனே பலரும் செடியைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். கேந்தி ஒரு பருவத்தோடு முடிந்துவிடும் செடி. சிவந்தி என்கிற சாமந்தி அப்படியில்லை. பூத்த தண்டு காய்ந்தாலும் அடியில் வேர் உயிரோடு இருக்கும். அதைக் காப்பாற்றினால் ஒரு தொட்டியிலிருந்து அடுத்த ஆண்டு நான்கைந்து தொட்டிகளே உண்டாக்கலாம்.

குளிர் நாடுகளில் சாமந்திக்குக் கண்டம் பனிக்காலம். அங்கே பூ முடிந்ததும் தண்டை வெட்டி, உறைபனி படாத அறைக்குள் வைத்துக் காப்பார்கள். ஊட்டியிலும் உறைபனி விழும் இரவுகளில் தொட்டியைக் கூரைக்குள் எடுத்து வைக்க வேண்டும். தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயல் போன்ற ஊர்களில் அந்தக் கவலை கிடையாது. இங்கே செடியைக் கொல்பவை மூன்று: உப்பு, கோடை வெயில், ஐப்பசி கார்த்திகை மழையில் தேங்கும் தண்ணீர்.

பூ முடிந்ததும் செய்ய வேண்டியவை

ஜனவரி கடைசியில் தண்டுகளைத் தரையிலிருந்து அரைச் சாண் விட்டு வெட்டிவிடுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் தூரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். அவற்றை வேரோடு பிரித்து, 8 அங்குலத் தொட்டிக்கு ஒன்றாக நடலாம்.

செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு சேர்ந்த கலவை போதும். கடற்கரை மணல் கூடவே கூடாது. தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே சேர்க்க வேண்டும். அதிலும் உப்பு இருக்கும்.

உப்பைக் கழுவுங்கள்

இலையின் ஓரம் பழுப்பாகக் கருகுகிறதா? தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? இரண்டும் உப்பின் அடையாளம். வெயிலில் கருகியது என்று நினைத்து அதே கிணற்று நீரை இன்னும் அதிகமாக ஊற்றினால் செடி சீக்கிரமே போய்விடும். வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரைச் சிவந்திக்கு ஊற்ற வேண்டாம். குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைநீரோதான் ஏற்றது. 15 நாளுக்கு ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக வடிய விடுங்கள். சேர்ந்த உப்பு அதோடு வெளியேறும்.

கடலிலிருந்து வரும் கொண்டல் காற்று இலையில் உப்பைப் படிய வைக்கும். தொட்டியை வீட்டுச் சுவரின் மறைவில் வைத்து, வாரம் ஒருமுறை காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

கோடையில்

மார்ச் முதல் மே வரை காலை வெயில் மட்டும் படும் இடமே நல்லது. இந்த நாட்களில் வரும் மொட்டுகளைக் கிள்ளி எறியுங்கள். வெயிலில் பூக்க விட்டால் செடி இளைத்துவிடும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் மண் வேகமாகக் காயும். காலை, மாலை இருவேளையும் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விட வேண்டும்.

ஜூனில் நுனிக்கிளைகளை 5 முதல் 7 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஈர ஆற்று மணலில் ஊன்றி நிழலில் வையுங்கள். ஏறக்குறைய மூன்று வாரங்களில் வேர் விடும். தாய்ச்செடி தவறினாலும் இவை கைகொடுக்கும்.

விளக்கு வெளிச்சம் கவனம்

பகல் பொழுது பதின்மூன்றரை மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் சிவந்தி மொட்டு வைக்கும். நம் பக்கத்தில் ஜூனில்கூடப் பகல் சுமார் 12 மணி 40 நிமிடம்தான். அதனால் செடி வளர்வதற்கு முன்பே மொட்டு கட்டப் பார்க்கும். இதைத் தடுக்க ஜூலை முதல் தினமும் இரவு 10 மணி முதல் 2 மணி வரை திண்ணை விளக்கின் கீழ் தொட்டியை வையுங்கள். நட்ட நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளுங்கள். புதுக் கிளைகள் விரல் நீளம் வந்ததும் மறுபடி கிள்ளினால் செடி புதராகும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் பூ வேண்டுமானால் கடைசிக் கிள்ளலை ஆகஸ்ட் நடுவிலும், கிறிஸ்துமஸுக்கு வேண்டுமானால் செப்டம்பர் கடைசியிலும் முடித்துவிடுங்கள். ரகத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரம் முன்பின் ஆகலாம். அதன்பின் இரவில் தெருவிளக்கோ திண்ணை விளக்கோ படாத இருட்டான இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். செடி செழித்தும் பூக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இரவு வெளிச்சமே.

உரமும் பூச்சியும்

மீனும் வெல்லமும் சம எடையில் ஊறிய மீன் அமிலத்தை லிட்டருக்கு 5 மில்லி கலந்து 15 நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். மீன் கழிவை நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே ஊற வையுங்கள். கருவாட்டுக் கழிவு வேண்டாம். மொட்டு தெரிந்ததும் தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். அசுவினி, இலைப்பேன் தென்பட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளியுங்கள்.

மழைக்காலத்தில்

அக்டோபர் பிறந்ததும் தொட்டியின் அடித்தட்டை எடுத்துவிட்டு, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அழுகல் தொடங்கினால் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து தூரில் ஊற்றலாம். மொட்டு விரியும்போது தொட்டியைக் கூரையின் கீழ் வைத்தால் இதழ் அழுகாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நேரத்தில் செடியைப் பற்றி யாரும் நினைக்க முடியாது. ஆகவே மழைக்கு முன்பே வேர்விட்ட கன்று ஒன்றை மேட்டுப்பகுதியில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

கடையில் விற்கும் தொட்டிச் செடிகளைக் குட்டையாக வைக்க வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுப்பது வழக்கம். அடுத்த ஆண்டு உங்கள் செடி அதைவிட உயரமாக வளர்ந்தால் பயப்பட வேண்டாம். ஒரு குச்சி ஊன்றிக் கட்டிவிட்டால் போதும்.