வெளியேற்றப்பட்டோரின் கணக்கு

தொழிலாளர் குடியிருப்புகளின் வரலாற்றை எழுதுவோர் இலண்டன் மாநகரின் பவுண்டரி வீதிக் குடியிருப்பைப் பெருமையோடு குறிப்பிடுவர். பொதுப்பணத்தில் பிரித்தானியாவில் எழுந்த முதற் குடியிருப்புகளுள் அதுவும் ஒன்று. அப்பெருமையின் அடியிற் புதைந்து கிடக்கும் ஒரு கணக்கையும் நாம் பார்த்தல் வேண்டும்.

கிழக்கு இலண்டனில் ஓல்ட் நிக்கல் என்றொரு சேரி இருந்தது. ஒளியும் காற்றும் புகாத சந்துகள். ஓர் அறைக்குள் ஒரு குடும்பம். 1890ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டத்தைத் துணைகொண்டு இலண்டன் கவுண்டி சபை அச்சேரியை இடித்தது. இடிபாடுகளையே நடுவில் மேடாகக் குவித்து, அதன்மேல் பூங்கா அமைத்தனர். மேட்டைச் சுற்றிய வட்டத்திலிருந்து ஏழு வீதிகள் கதிர்போல விரிந்தன. ஓவன் பிளெமிங் தலைமையில் இளங் கட்டடக் கலைஞர்கள் வரைந்த செங்கல் மாடிவீடுகள் 1900இல் திறந்துவைக்கப்பட்டன. ஏழைக்கும் அழகிய வீடு வேண்டும் என்று எண்ணியது அக்காலத்திற் சிறிய துணிவன்று.

ஆயினும், அங்கே குடிபுகுந்தோர் யாவர்? வெளியேற்றப்பட்டோர் 5,719 பேர். அவர்களுள் புதிய வீடு பெற்றோர் 11 பேர் மட்டுமே என்று கணக்குக் கூறுகிறது. கட்டடச் செலவை வாடகையே ஈடுசெய்ய வேண்டும் என்பது சபையின் நெறி. எனவே, வாடகையைத் தவறாது செலுத்தவல்ல கைவினைஞரும் எழுதுவினைஞரும் உள்ளே வந்தனர். அன்றாடங் கூலிகள் அயலிலிருந்த தெருக்களுக்குச் சென்று, அங்கிருந்த நெரிசலை மேலும் பெருக்கினர். சேரி ஒழியவில்லை, இடம் பெயர்ந்தது.

நூறாண்டுகளின் பின்னரும் இப்பாடம் கற்கப்பட்டதாகத் தெரியவில்லை. தென் இலண்டனில் 1974இல் நிறைவெய்திய ஹெய்கேட் குடியிருப்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் 2011க்கும் 2014க்கும் இடையில் இடிக்கப்பட்டன. அவ்விடத்தில் ஏறத்தாழ 2,500 வீடுகள் எழுப்பத் திட்டமிட்டபோது, எளியோர் கொடுக்கவல்ல சமூக வாடகைக்கென ஒதுக்கப்பட்டவை நூறைக்கூட எட்டவில்லை.

இடித்தாலன்றிப் புதுமை பிறவாது என்போருக்குப் பிரான்சின் போர்தோ நகரம் விடையளித்துள்ளது. 1960களில் எழுந்த கிராண்ட் பார்க் குடியிருப்பின் மூன்று தொடர்மாடிகளில் 530 வீடுகள் இருந்தன. அவற்றைப் புதுப்பிக்க வந்த கட்டடக் கலைஞர்களான லக்காத்தோன், வசால், துருவோ, உத்தேன் ஆகியோர் அவற்றை இடிக்க முனையவில்லை. முகப்பின் சிறு சாளரங்களை அகற்றி, வெளிப்புறத்தே தனியாக நிற்கவல்ல சட்டகத்தை எழுப்பி, வீடுகளோடு 3.8 மீற்றர் ஆழமுள்ள கண்ணாடி முன்றில்களை இணைத்தனர். வேலை நடக்கையில் மக்கள் தம் வீடுகளிலேயே வாழ்ந்தனர். வீடு விரிந்தது, வெளிச்சம் வந்தது, அயலவர் பிரியவில்லை. 2019இல் ஐரோப்பாவின் மீஸ் வான் டெர் ரோ விருது இப்பணிக்கு வழங்கப்பட்டது.

பழைய குடியிருப்பினுள் புதிய வீடு அமைக்க முனைவோரிடம் நாம் கேட்பது இதுவே: வரைபடத்தை விரிக்குமுன் அங்கு வாழ்வோரின் பெயர்ப்பட்டியலை எழுதுங்கள். வேலை முடிந்த நாளில் அதை மீண்டும் எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வீட்டிலக்கம் உண்டா என்று பாருங்கள்.