லினக்ஸ் வழங்கிகளில் கட்டுப்பாட்டுப் பலகங்கள்: ரூட் அதிகாரமும் பராமரிப்பும் (1996–2021)

முன்னுரை

லினக்ஸ் வழங்கியில் ஒரு வலைத்தளத்தை நிறுவுதல் 1990களின் நடுப்பகுதியில் பெரும்பாலும் கட்டளை வரியில் நிகழ்ந்த பணியாகும். பயனர் கணக்கு உருவாக்குதல், அப்பாச்சியின் அமைவுக் கோப்பில் புதிய தளத்துக்குரிய பகுதியைச் சேர்த்தல், டொமைன் பெயருக்கான மண்டலக் கோப்பை எழுதி அதன் வரிசை எண்ணை உயர்த்துதல், அஞ்சல் பெட்டி திறத்தல் ஆகியவற்றை ரூட் அதிகாரம் பெற்றவர் தம் கையாலேயே செய்தார். மண்டலக் கோப்பில் ஒரு பெயரின் இறுதியில் வரவேண்டிய புள்ளி விடுபட்டால்கூட அப்பெயர் வேறொன்றாகப் பொருள்கொள்ளப்படும். இப்பணிகளை உலாவியில் நிரப்பத்தக்க படிவங்களாக மாற்றிய மென்பொருளே கட்டுப்பாட்டுப் பலகம். அதன் வளர்ச்சி பெரும்பாலும் வசதியின் வரலாறாகவே பேசப்படுகிறது. ரூட் அதிகாரம் யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்னும் வினாவை முன்வைத்து இக்கட்டுரை அவ்வரலாற்றை அணுகுகிறது.

பலகம் தோன்றிய சூழல்

எச்டிடிபி நெறிமுறையின் தொடக்கப் பதிப்புகளில், உலாவி தனக்கு வேண்டிய தளத்தின் பெயரை வழங்கிக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐபி முகவரி தேவைப்பட்டது. 1997 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 2068, எச்டிடிபி 1.1-இல் தளத்தின் பெயரைக் குறிக்கும் தலைப்பைக் கட்டாயமாக்கியது. ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்க வழி பிறந்தது. ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே பொறியைப் பகிர்ந்துகொண்ட இந்நிலையில், அவர்களுள் எவருக்கும் ரூட் கடவுச்சொல்லைத் தர இயலாது. ஒவ்வொருவரின் வேண்டுகோளையும் நிருவாகி ஒருவரே நிறைவேற்றிக்கொண்டிருக்கவும் இயலாது.

இச்சிக்கலுக்கு வன்பொருள் வழியாகத் தீர்வு கண்டது கோபால்ட் நெட்வொர்க்ஸ் நிறுவனம். 1998இல் அது வெளியிட்ட 'ராக்' என்னும் தட்டையான பெட்டி, லினக்ஸையும் உலாவிவழி நிருவாகத்தையும் ஒருங்கே கொண்டிருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 200 கோடி டாலர் மதிப்பில் இந்நிறுவனத்தை வாங்கியது. சில ஆண்டுகளுக்குள் அப்பெட்டிகளின் உற்பத்தியே நின்றுபோயிற்று. விலை மலிந்த சாதாரணக் கணினிகளில் நிறுவத்தக்க மென்பொருள் பலகங்கள் அவ்விடத்தைப் பிடித்தன.

அவற்றுள் முதன்மையானது சிபேனல். ஸ்பீடு ஹோஸ்டிங் என்னும் நிறுவனத்துக்காக ஜான் நிக் கோஸ்டன் இதனை 1996இல் உருவாக்கினார். 1999இல் வந்த மூன்றாம் பதிப்பு இரு புதுமைகளைக் கொண்டுவந்தது: ஒன்று தானியங்கு மேம்படுத்தல், மற்றொன்று டபிள்யூஎச்எம் எனப்படும் மேல்நிலைப் பலகம். தளத்தின் உரிமையாளர் 2083ஆம் வாயிலிலும் நிருவாகி 2087ஆம் வாயிலிலும் நுழையும் ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. இவ்விருவருக்கும் இடையே மறுவிற்பனையாளர் என்னும் மூன்றாம் தரப்பினர் உருவாயினர். இவர்களுக்குச் சொந்த வழங்கி இல்லை, ரூட் அதிகாரமும் இல்லை. எனினும் தமக்கு ஒதுக்கப்பட்ட அளவுக்குள் கணக்குகளைத் திறக்கவும் முடக்கவும் இவர்களால் முடியும். முன்பு பிரிக்கவியலாத ஒன்றாயிருந்த ரூட் அதிகாரத்தைச் சிறுசிறு உரிமைகளாகப் பகுத்து விற்க முடிந்தமையே பலகத்தின் பெரும் பொருளாதார விளைவு எனலாம்.

மூலம் எது?

ஜேமி கேமரன் 1997இல் வெளியிட்ட வெப்மின் வேறொரு மரபைச் சார்ந்தது. சிபேனலைப் போலவே இதுவும் பேர்ல் மொழியில் எழுதப்பட்டது. ஆனால் வெப்மின் தனக்கெனத் தரவுத்தளம் எதனையும் வைத்துக்கொள்வதில்லை. அது இயங்குதளத்தின் அமைவுக் கோப்புகளை நேரடியாகப் படித்து, வேண்டிய வரியை மட்டும் மாற்றுகிறது. நிருவாகி கையால் எழுதிய மாற்றங்களைப் பலகமும் காண்கிறது. பலகம் செய்த மாற்றத்தை அவர் கோப்பிலேயே படித்தறியலாம்.

சிபேனல் ஒவ்வொரு தளத்தின் விவரத்தையும் தனது அடைவிலுள்ள தரவுக் கோப்புகளில் வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து அப்பாச்சியின் அமைவுக் கோப்பை வார்ப்புருக்களின் துணையால் மீண்டும் மீண்டும் உருவாக்குகிறது. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் தோன்றிய பிளெஸ்க், அவ்விவரங்களைத் தனது தரவுத்தளத்தில் வைக்கிறது. இவ்விரு பலகங்களிலும், பலகம் உருவாக்கிய கோப்பில் கையால் செய்யப்பட்ட திருத்தம் அடுத்த மீளாக்கத்தின்போது சுவடின்றி மறையும். தனித் திருத்தங்களுக்கென ஒதுக்கப்பட்ட இணைப்புக் கோப்புகளில் எழுதினால் மட்டுமே அவை நிலைக்கும். பதிப்பியல் கலைச்சொல்லால் கூறின், வெப்மினுக்குக் கோப்பே மூலச்சுவடி. சிபேனலுக்கும் பிளெஸ்குக்கும் கோப்பு வெறும் படி. இவ்வேறுபாட்டை அறியாது கோப்பைத் திருத்திவிட்டு, மறுநாள் அது பழைய நிலைக்குத் திரும்பியது கண்டு திகைப்பது இத்துறைக்குப் புதியோரிடம் இன்றும் காணப்படுவதே.

பராமரிப்பும் நம்பிக்கையும்

பலகம் நிறுவப்பட்ட வழங்கியில் இணையச் சேவை, அஞ்சல், தரவுத்தளம், பிஎச்பி ஆகிய பலவற்றின் மேம்படுத்தலும் பலகத்தின் வழியாகவே நடைபெறுகிறது. ரூட் அதிகாரத்துடன் இயங்கும் பலகத்துக்குள், அதனை ஆக்கியோரின் புதிய நிரல் மனிதத் தலையீடின்றியே வந்து சேர்கிறது. இவ்வேற்பாட்டின் இடரை இரு நிகழ்வுகள் வெளிப்படுத்தின.

2018இல் வெஸ்டா பலகத்தின் குறைபாடு ஒன்று தாக்குதலுக்குள்ளானபோது, டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் தன் வலையமைப்பில் அப்பலகத்துக்குரிய 8083ஆம் வாயிலையே அடைத்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில், வெஸ்டாவின் நிறுவல் நிரலே மாற்றப்பட்டு, புதிதாக அமைக்கப்படும் வழங்கிகளின் கடவுச்சொற்கள் கசிந்தமை தெரியவந்தது.

வெப்மின் நிகழ்வு இன்னும் நுட்பமானது. 2019 ஆகஸ்டில், 1.890 முதல் 1.920 வரையிலான பதிப்புகளில், கடவுச்சொல் மாற்றும் பக்கத்தில் மறைவாயில் ஒன்று இருந்தமை வெளியாயிற்று. கிட்ஹப் தளத்தில் எவரும் படிக்கத்தக்க மூலநிரலில் அது இல்லை. பொதியைக் கட்டும் வழங்கியில் ஊடுருவியோர் அதனை நுழைத்திருந்தனர். சோர்ஸ்ஃபோர்ஜ் வழியாகப் பரவிய பொதிகளில் அது இடம்பெற்றது. 1.890ஆம் பதிப்பில் இயல்பான அமைப்பிலேயே அதனைப் பயன்படுத்த முடிந்தது. மூலநிரலின் திறந்த தன்மையைப் பாதுகாப்புக்குப் போதிய சான்றாகக் கொள்ளும் வாதம் இவ்விடத்தில் தளர்கிறது. மூலம் தூயதாயிருக்கையில் படியெடுக்கும் இடத்தில் நேர்ந்த இடைச்செருகல் ஓராண்டுக்கும் மேலாக எவர் கண்ணிலும் படவில்லை.

உடைமை மாற்றங்கள்

ஓக்லி கேபிடல் என்னும் முதலீட்டு நிறுவனம் 2017இல் பிளெஸ்கைக் கைக்கொண்டது. 2018 ஆகஸ்டில் அதன் தலைமையிலான குழு சிபேனலை வாங்குவதற்கு உடன்பாடு செய்தது. போட்டியாளராக விளங்கிய இரு பலகங்களும் இவ்வாறு ஒரே குடையின்கீழ் வந்தன. 2019 ஜூனில் சிபேனல், கணக்குகளின் எண்ணிக்கைக்கேற்ற கட்டணமுறையை அறிவித்தது. அதற்குமுன் ஒரு வழங்கிக்கு ஒரே உரிமக் கட்டணம்; கணக்குகள் எத்தனையாயினும் வேறுபாடில்லை. சிறிய கணக்குகளை மிகுதியாக ஏற்றி வருவாய் ஈட்டியோரையே இம்மாற்றம் கடுமையாகத் தாக்கியது. பலகத்தின் துணையால் தோன்றிய மறுவிற்பனையாளர் பலர் இவ்வகையினரே.

அடுத்த அதிர்வு இயங்குதளத்திலிருந்து வந்தது. 2029 வரை ஆதரவு எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியுடன் நிறுத்தப்படும் என 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. சிபேனல் வழங்கிகளுக்குச் சென்ட்ஓஎஸ் நெடுங்காலமாக அடித்தளமாக இருந்துவந்தது. பகிர்வு வழங்கிகளுக்கான இயங்குதளத்தை விற்றுவந்த கிளவுட்லினக்ஸ் நிறுவனமே 2021 மார்ச்சில் அல்மாலினக்ஸை வெளியிட்டது தற்செயலன்று. ஆயினும் புதிய இயங்குதளத்துக்குச் செல்வோர் பொதுவாகக் கணக்குகளைப் பொதிந்து வேறொரு வழங்கிக்கு மாற்றினர். சிபேனல் கட்டித்தரும் அப்பொதியில் பயனரின் கோப்புகள், தரவுத்தளப் படிகள், மண்டலக் கோப்புகள் ஆகியவற்றோடு பலகத்தின் சொந்தக் கணக்கு விவரங்களும் அடங்கும். முதல் மூன்றையும் எந்த லினக்ஸ் வழங்கியிலும் பயன்படுத்தலாம். இறுதியாகச் சுட்டிய விவரங்கள் சிபேனலின் அமைப்பையே சார்ந்தவை.