நோபிச் சமவெளியின் வெள்ளப் படம்

ஜப்பானில் நகோயா நகரத்துக்கு மேற்கே, கிசோ, நாகரா, இபி என்னும் மூன்று நதிகள் ஒன்றையொன்று நெருங்கிவந்து கடலில் கலக்கும் நோபிச் சமவெளியில், கிராமத்தைச் சுற்றிலும் வளையமாகக் கரையெடுத்து, அதனுள்ளே கற்களால் உயர்த்திய மேட்டின்மேல் தானியத்தைக் காக்கவும் உயிர் பிழைக்கவும் ஒரு தனி வீட்டை எழுப்பி, கூரையடியில் ஓர் ஓடத்தையும் தொங்கவிட்டு வாழ்ந்த குடியானவர்களுக்கு, வெள்ளத்தின் போக்கு பரம்பரை ஞானமாக இருந்தது.

அந்த ஞானத்துக்குச் சாஸ்திர ரூபம் அளித்தவர் ஓயா மசாஹிகோ என்னும் புவியியல் அறிஞர். 1956-ல் வெளிவந்த அவருடைய படம், நதிகள் கொணர்ந்து சேர்த்த நிலத்தின் அமைப்பையும் மேடுபள்ளத்தையும் ஆராய்ந்து, எங்கே நீர் தேங்கும், எங்கே விரைந்து வடியும் என்று பகுத்துக் காட்டிற்று. நகரமோ தாழ்ந்த கடலோரத்தில் வளர்ந்துகொண்டே போயிற்று.

1959 செப்டம்பர் 26 இரவு, இசே விரிகுடாச் சூறாவளியில் பொங்கிய கடல், துறைமுகத்து மரக்கிடங்குகளில் கிடந்த பிரம்மாண்டமான அடிமரங்களை வாரிக்கொண்டுவந்து வீடுகள்மேல் மோத, மாண்டவர்களும் காணாமற்போனவர்களும் 5,000-க்கு மேலானார்கள். நீர் பரவிய எல்லையோ, படத்தில் கழிமுகத் தாழ்நிலம் என்று குறிக்கப்பட்டிருந்த எல்லையோடு பெரும்பாலும் ஒத்திருந்தது. மூன்று வருஷம் முன்னதாகவே அச்சேறிவிட்ட அந்தத் தாளை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது.

1961-ல் நகோயா, 1950-ஆம் வருஷத்துக் கட்டிடச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு, கடலோரத்தை அபாய மண்டலங்களாக வகுத்து, வீட்டுத் தரை எத்தனை உயரத்தில் இருக்கவேண்டும், மரவீடு எங்கே கூடாது என்று விதித்தது.