இணையத்தில் பணம் போகும் வழி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இணையத்துக்கென மாதந்தோறும் பணம் செலுத்தாத தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இன்று அரிது. அவ்வாறு செலுத்துகின்ற வீட்டிலேயே, செய்தித் தளங்களை வாசிப்பதும் யூடியூப் பார்ப்பதும் இலவசம் என்றே கருதப்படுகின்றது. செலுத்திய பணம் எங்கே செல்கின்றது, இலவசமாகக் கிடைப்பவற்றின் செலவை யார் ஏற்கின்றனர் என்பவற்றை எமது வாசகர்கள் அறிந்திருப்பது நன்று.

இலங்கையில் வர்த்தக ரீதியான முதலாவது இணையச் சேவையை லங்கா இன்டர்நெட் நிறுவனம் 1995 ஆம் ஆண்டு ஆரம்பித்தது. அன்று தொலைபேசி இணைப்பினூடாகவே இணையத்தை அணுக வேண்டியிருந்ததால், இணையக் கட்டணத்துக்கு மேலாகத் தொலைபேசிக் கட்டணமும் நிமிடக் கணக்கில் ஏறியது. வீட்டில் அந்த வசதி இல்லாதோருக்காகக் காலி வீதியில் ‘கொமியூனிகேஷன்’ கடைகள் பெருகின. ஓர் இணைப்பை மொத்தமாக வாங்கி, அதனை மணிக்கணக்கில் பலருக்குப் பிரித்து விற்பதே அக்கடைக்காரரின் வியாபாரம். பெரும் இணையச் சேவை வழங்குநர்களின் கணக்கும் அடிப்படையில் இதுதான்.

அவர்களுடைய சரக்கு கடலடியில் வருகின்றது. கல்கிசை, கொழும்பு, மாத்தறை ஆகிய இடங்களில் கரையேறும் கேபிள்களின் கொள்ளளவுக்கு டொலரில் செலவிட்டு, ரூபாவில் சில்லறையாக விற்கின்றார்கள். எல்லா வாடிக்கையாளரும் ஒரே வேளையில் முழு வேகத்தையும் பயன்படுத்துவதில்லை என்பதால், உள்ள கொள்ளளவைவிடப் பன்மடங்கை விற்பது உலகெங்கும் உள்ள வழமை. இலாபத்தின் பெரும் பங்கு இதிலேயே உள்ளது. இரவு எட்டு மணிக்கு வேகம் குறைவதற்கும் இதுவே காரணம். பல பக்கேஜ்களில் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின்னர் மாத்திரமே பயன்படுமாறு ஒதுக்கப்பட்டது, கேபிள் வெறுமனே கிடக்கும் நேரத்தையும் விலையாக்கும் உபாயமாகும். உறங்கும் நேரத்து டேட்டாவை வாங்கி என்ன செய்வது என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. மாத முடிவில் எஞ்சியது காலாவதியானால் அதுவும் விற்றவருக்கே ஆதாயம். வரையறையற்ற பக்கேஜ்கள் வேண்டுமெனப் பொதுமக்கள் குரலெழுப்பிய பின்னரே, 2021 இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அவற்றுக்கு இடமளித்தது.

2022 இல் ரூபா வீழ்ச்சியுற்றபோது இந்த வியாபாரத்தின் டொலர் முகம் வெளிப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கட்டணங்கள் 20 சதவீதத்தால் உயர ஆணைக்குழு அனுமதியளித்தது. இதில் அரசாங்கமும் வெறும் பார்வையாளர் அல்ல. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. ஸ்ரீலங்கா டெலிகொம் பங்குகளில் ஏறத்தாழப் பாதி திறைசேரியிடமே உள்ளது. கட்டணத்தை ஒழுங்குபடுத்துவதும், அதன்மீது வரி விதிப்பதும், இலாபத்தில் பங்குபெறுவதும் ஒரே அரசாக இருப்பது பாவனையாளருக்கு உகந்த ஏற்பாடு என நாம் கருதவில்லை.

இத்தனை கைகளைக் கடந்து செல்லும் இப்பணத்தில், நீங்கள் வாசிக்கும் இணையத்தளத்துக்கு ஒரு சதமேனும் போய்ச் சேர்வதில்லை. தளங்களின் பிரதான வருமானம் விளம்பரமாகும். 1994 ஒக்டோபரில் அமெரிக்காவின் ஹொட்வயர்ட் தளம் முதலாவது பதாகை விளம்பரங்களை வெளியிட்டது. 2003 இல் வந்த கூகுளின் அட்சென்ஸ், விளம்பரதாரரைத் தேடி அலையாமலே சிறு தளங்களும் உழைக்க வழிசெய்தது. ஆனால் தமிழ் மொழியை அச்சேவை ஏற்றுக்கொண்டது 2018 பெப்ரவரியில்தான். பதினைந்து ஆண்டுகளாகத் தமிழில் எழுதியோர் அந்தச் சந்தைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர்.

சந்தைக்குள் நுழைந்த பின்னரும் நிலைமை முற்றாக மாறிவிடவில்லை. வாசகர் எங்கிருந்து பார்க்கின்றார் என்பதைப் பொறுத்தே விளம்பரத்தின் விலை அமைகின்றது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள ஒருவரின் பார்வைக்குக் கிடைக்கும் தொகை, கொட்டாஞ்சேனை வாசகரின் பார்வைக்குக் கிடைப்பதில்லை. ஆகவே குறைந்த விலையை எண்ணிக்கையால் ஈடுசெய்ய முனைகின்றனர். ‘அதிர்ச்சித் தகவல்’ என்ற தலைப்பின் கீழ் ஒன்றுமில்லாத செய்திகள் மலிவதற்குக் காரணம் ஆசிரியர்களின் இரசனைக் குறைவு மாத்திரமன்று. சூதாட்டம் போன்ற விளம்பரங்கள் தமது பக்கத்தில் தோன்றுவதை விரும்பாத முஸ்லிம் தள உரிமையாளர்கள், அவ்வகைகளைக் கணக்கில் தடைசெய்ய முடியும். ஆனால் ஏலத்தில் போட்டியிடுவோர் குறைய, வருமானமும் குறைகின்றது.

விளம்பரத் தரகரை நம்பாது வாழும் தளங்களும் உண்டு. 2012 இல் இங்கு வந்த இக்மன், விற்பனை விளம்பரங்களை முன்னிலைப்படுத்திக் காட்டுவதற்குப் பணம் பெறுகின்றது. கப்ருக்கா, வெளிநாட்டிலுள்ளோர் இங்குள்ள உறவினருக்குக் கேக்கும் பூவும் அனுப்பும் தேவையில் வளர்ந்தது. புலம்பெயர்ந்தோரை நோக்கிய தமிழ்த் தளங்களுக்கு மரண அறிவித்தல்கள் நம்பகமான வருமானமாகும். ஜனாஸா அறிவித்தல்களோ பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் வட்ஸ்அப்பிலும் கட்டணமின்றியே பரவுகின்றன. திருமண விளம்பரத்தை முருகவேல் ஜானகிராமன் தொடக்கிய தமிழ் மேட்ரிமனி போன்ற தளங்கள் பற்றிக்கொண்டன. மரண அறிவித்தல், மணமகள் தேவை, வீடு விற்பனைக்கு ஆகிய சிறு விளம்பரங்களின் பணம் அச்சுப் பத்திரிகையில் பிரதேச நிருபரின் கொடுப்பனவுக்கும் உதவியது. இன்று அப்பணம் செல்லும் தளங்கள் பலவற்றில் நிருபர் என்று எவரும் இல்லை.

சில நாடுகள் இதற்குச் சட்டத்தால் பரிகாரம் தேடின. அவுஸ்திரேலியா 2021 இல் இயற்றிய சட்டம், கூகுளையும் பேஸ்புக்கையும் செய்தி நிறுவனங்களுடன் பேரம்பேச வைத்தது. கனடா 2023 இல் அதனைப் பின்பற்றியபோது, ஆண்டுக்கு 100 மில்லியன் கனேடிய டொலர் வழங்க கூகுள் இணங்கியது. பேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டாவோ, பணம் செலுத்துவதற்குப் பதிலாக அவ்வாண்டு ஓகஸ்டிலிருந்து கனடாவில் செய்தி இணைப்புகளையே நிறுத்தியது. அத்தடை வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களுக்கும் பொருந்தியதால், கொழும்பில் இயங்கும் தமிழ்ச் செய்தித் தளங்களுக்கு, மிகக் கூடிய விளம்பர விலை பெறும் ரொறன்ரோ வாசகரைப் பேஸ்புக் வழியே அடையும் பாதையும் அடைபட்டது.